செவ்வாய்க்கிழமைத் தொடைக்கறி

எங்கள் சபையில் யாரை வேண்டுமானாலும் வேதம் வாசிக்கக் கூப்பிடுவார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவரைக் கூப்பிடுவார்கள். ஒரே சங்கீதத்தை வருடம் முழுக்க வாசிக்கிறவரைக்கூடக் கூப்பிடுவார்கள். கறிக்கடை வைத்திருந்த அம்மாவை மட்டும் கூப்பிட மாட்டார்கள். அவர் வாசித்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சாவார், அதுவும் நல்ல சாவாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

கருமத்தம்பட்டியில் அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் சந்தில் அவருடைய கறிக்கடை இருந்தது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊருக்கு அவர் கறிக்கடையம்மா, சபைக்கு சிஸ்டர், எனக்கும் என் அக்காவுக்கும் பெரியம்மா. உறவு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார், அதனால் பெரியம்மா ஆனார். நல்ல உயரம். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும். கடையில் தராசுக்கு மேலே ஒரு பலகையில் பிளாஸ்டிக் உறை போட்ட வேதப்புத்தகம் இருக்கும். உறை முழுக்கக் கொழுப்புக் கை பட்ட தடம்.

ஒரு தடவை, தறி செட் வைத்திருந்த ஒருவருடைய புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தோம். பாஸ்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவசரத்தில் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "சிஸ்டர், ஒரு பகுதி வாசிங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று பார்த்தார். அதற்குள் பெரியம்மா நியாயாதிபதிகள் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

தோற்று ஓடிவருகிற ஒரு படைத்தலைவனை ஒருத்தி தன் கூடாரத்துக்குள் அழைக்கிறாள். தண்ணீர் கேட்டவனுக்குப் பால் கொடுக்கிறாள். போர்வை போர்த்திப் படுக்க வைக்கிறாள். அவன் அசந்து தூங்கும்போது கூடார ஆணியை அவன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுத்தியலால் அடிக்கிறாள். ஆணி தலைக்குள் புகுந்து தரையில் இறங்குகிறது. பெரியம்மா இதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். சுத்தியல் வரும் இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடி, வீட்டுக்கார அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா நல்லாக் குடுங்க அம்மணி. யாருக்குக் குடுக்கறோம், எதுக்குக் குடுக்கறோம்னு பாத்துக் குடுங்க."

அந்த வீட்டுக்காரர் ஒரு மாதம் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினார் என்று ஊரில் கேலி பேசினார்கள். எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இல்லை. பகலெல்லாம் மனைவியை நாயைக் கூப்பிடுவது மாதிரிக் கூப்பிடுகிற ஆள் அவர்.

எங்கள் சபையில் புதுவருடத்தன்று காலையில் ஒரு டப்பா சுற்றி வரும். அதற்குள் சின்னச் சின்ன அட்டைகளில் வாக்குத்தத்த வசனங்கள் இருக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருடம் முழுக்க நமக்கான வசனம். பச்சைப் புல்வெளி, நீரூற்று, கழுகின் செட்டைகள், வீட்டோரத்தில் கனி தரும் திராட்சைக்கொடி என்று எல்லாமே இனிப்பாகத்தான் இருக்கும். ஒரு வருடம் பெரியம்மா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சபை நடுவில் எழுந்து நின்றார்.

"ஏனுங்க பாஸ்டர், இந்த டப்பாவுல போடாத வசனமெல்லாம் யாருக்குங்க?"

"எதுங்க சிஸ்டர்?"

"வெட்டு, குத்து, ரத்தம். பாதிப் புஸ்தகம் அதானுங்களே. அதையெல்லாம் யாரு எடுக்கறதுங்க?"

"அது பழைய காலத்து நடப்புங்க சிஸ்டர்."

"பழைய காலம்ங்களா? நேத்துக் கூட எங்க கடைக்கு வந்து நின்னுச்சுங்களே."

பாஸ்டர் சிரித்துச் சமாளித்தார். சபையும் சிரித்தது. எங்கள் சபை சிரிக்கத் தயங்குகிற சபை இல்லை, யோசிக்கத்தான் தயங்கும்.

மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம் பாடும்போதெல்லாம் பெரியம்மா பாடாமல் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "மேய்ப்பனுங்களை எனக்குத் தெரியும் கண்ணு. வெடியால என்ற கடைக்கு ஆட்டைப் புடிச்சுட்டு வாரவீங்களே அவீங்கதான்" என்றார். அப்புறம், நான் கேட்காமலேயே, "வெள்ளாட்டை அறுக்கறப்ப அது கத்தும். செம்மறி கத்தாது. கால் நாலையும் கட்டிப் படுக்க வெச்சாலும் கண்ணை மட்டும் தொறந்து பாத்துட்டுக் கெடக்கும். ஆண்டவரைச் செம்மறின்னு எழுதுனவன் தெரிஞ்சுதான் எழுதியிருக்கான். ஆனா பொட்டப்புள்ளைகளை அப்படி வளக்கச் சொல்லி எங்கீமே எழுதலையே" என்றார். அவர் கையில் அப்போது ஒரு ஆட்டுத்தலை இருந்தது. பேசிக்கொண்டே அதை இரண்டாகப் பிளந்தார்.

அவரை ஏதோ புனிதவதி என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கே அவரிடம் பயம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். எதிரே ரோட்டில் ஒரு தறி ஓட்டுகிறவன் குடித்துவிட்டு மனைவியைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் கறிக்கு முறை போய்விடும் என்று நகராமல் வேடிக்கை பார்த்தார்கள். பெரியம்மா கொக்கியில் தொங்கிய முன்னங்காலைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போய், அவன் தலையின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அவன் சாக்கடையில் விழுந்தான். இன்னொரு அடி. அப்போது அவன் மனைவி பாய்ந்து வந்து பெரியம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தைப் பிறாண்டினாள். "என்ற புருசனை அடிக்க நீ யாருடி" என்று அவள் போட்ட சத்தம் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்டது. கூட்டம் சிரித்தது. பெரியம்மா கன்னத்தில் வழிந்த ரத்தத்தோடு கடைக்குத் திரும்பி, அந்த முன்னங்காலைத் தூர எறிந்துவிட்டு, அடுத்தவருக்குக் கறி நிறுத்தார்.

அந்த ஆளுக்கு ஒரு காது செவிடாகிப் போனது. அது தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா யார் மேலும் கை நீட்டவில்லை. வாராவாரம் அந்த வீட்டுக்கு ஈரல் போகும். அந்தப் பெண் வாங்கிக்கொள்வாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆண்டவரைப் பிடிக்க வந்தவனின் காதைப் பேதுரு கத்தியால் வெட்டுகிற பகுதியை அவர் எங்கள் வீட்டு ஜெபத்தில் ஒருமுறை வாசித்தார். வாசித்துவிட்டு வழக்கம்போல விளக்கம் சொல்லத் தொடங்கியவர் அழுதுவிட்டார்.

"பேதுரு வெட்டுன காதை ஒட்ட ஆண்டவர் பக்கத்துலயே நின்னாருங்க. தொட்டாரு, ஒட்டிருச்சு. எனக்கு அன்னைக்கு யாருமே பக்கத்துல இல்லீங்களே."

அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆட்டைப் பிளக்கிற அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த பயம் அன்று பிரியமாக மாறியது.

இப்போது செவ்வாய்க்கிழமைக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் யாரும் கறி எடுப்பதில்லை. ஓட்டல்களுக்காக மட்டும் ஒரு ஆடு அறுப்பார். அன்று வீட்டு மனிதர் ஒருவர் துணிப்பையோடு வந்து, நல்ல தொடைக்கறியாக வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்டால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று பெரியம்மா சொல்வார். அந்த வீட்டுப் பெண் அடி வாங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளைத் திரும்பக் கூட்டிப்போக மாப்பிள்ளை வருகிறான். கோபத்தோடு வருகிறவனுக்கு மாமனார் விருந்து வைக்கிறார். கறிக்குழம்பும் வறுவலும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவன் கிளம்புவான். இரண்டு வீட்டு மானமும் தப்பித்துவிடும். இது இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்கிற வழக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு.

பல வருடங்களுக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் அப்படி வந்திருக்கிறார். பெரியம்மா ஆட்டில் இருந்த நல்ல பாகமாகப் பார்த்து வெட்டிக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து அதே மனிதர் திரும்ப வந்து கடை முன்னால் நின்றார். கையில் பை இல்லை.

"என்னங்க வேணும்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. அன்னைக்குக் கறி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு மாப்பிள்ளை சொன்னாருங்க. அதைச் சொல்லலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். மகளைப் புருசன் வீட்டு மின்விசிறியிலிருந்து இறக்கி எடுத்து வந்து அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியம்மா வார நாளில் தொடைக்கறி கேட்டு வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினார். "ஏனுங்க, ஊட்டுக்குப் பொண்ணு வந்திருக்குதுங்களா?" வந்தவர் கண்ணைத் தாழ்த்தினால் கறி கிடையாது. சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் தராசுத் தட்டைத் தூக்கி எறிந்ததில் பெரியம்மாவின் புருவம் கிழிந்தது. "கறி விக்கறதுதான் உன்ற வேலை, ஊர்ப் பஞ்சாயத்து இல்லை" என்று அவருடைய மகனே கத்தினான். அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

என் அக்காவைச் சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். நகரத்துப் பெரிய சபை ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறவன். அவன் கண்ணை மூடி வாசிக்கிற அழகைப் பார்த்துத்தான் அப்பா சம்மதித்தார். கல்யாணமாகி இரண்டாவது வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அம்மா குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தாள். பெல்ட்டின் பித்தளைக் கொக்கி பதிந்த தடங்கள், பழையதும் புதியதுமாக, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் இருந்தன. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் போனில் படம் எடுத்தேன். அம்மா அவள் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

என் அப்பா நல்ல மனிதர். கொஞ்சம் தறி வைத்திருந்தார், சபையில் மூப்பர். விருந்துபசாரத்துக்குப் பேர்போனவர். வாசலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூடச் சாப்பிடாமல் விடமாட்டார். இப்படிப்பட்ட நல்லவர்களோடு குடித்தனம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். அப்பா பாஸ்டரிடம் ஓடினார். பாஸ்டர் வந்து அக்காவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஏழு எழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்றார். மனைவி கீழ்ப்படிவதைப் பற்றியும் ஒரு வசனம் சொன்னார். அப்பா மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை போனிலேயே அழுதான். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து கூட்டிப்போகிறேன் என்றான்.

அந்த மூன்று நாளும் அப்பா அக்காவிடம் நிறையப் பேசினார். நல்லா சாப்பிடு கண்ணு என்றார். மாத்திரை போட்டாயா என்றார். போக உனக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அப்பா துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான்தான் வண்டி ஓட்டினேன். கடையில் பெரியம்மா மட்டும் இருந்தார். அப்பாவின் கையிலிருந்த பையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க மூப்பரே, ஊட்டுக்குப் பொண்ணு வந்திருக்குதுங்களா?"

"சும்மாதானுங்க. மாப்பிள்ளை இந்தப் பக்கம் ஒரு வேலையா வாராரு."

பெரியம்மா என்னைப் பார்த்தார்.

"அக்காவுக்குக் கை ஒடிஞ்சிருக்குங்க பெரியம்மா. முதுகு பூரா பெல்ட்டுத் தடம்" என்றேன்.

அப்பா என்னை முறைத்தார். பெரியம்மா கறி இல்லை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர், "நீங்க போங்க. நானே வெட்டிக் கொண்டாரேன்" என்றார். அப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் மறுக்கிறவர் சபை மூப்பர் என்றதும் வளைந்துவிட்டாரே என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வந்தான். பழக்கூடை, அக்காவுக்குப் புதுச்சேலை, முகத்தில் அதே கீபோர்டு வாசிக்கிற சாந்தம். அப்பா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பாஸ்டரும் வந்தார். அக்கா உள்ளறைக் கதவோரம் நின்றாள். பின்னாலேயே பெரியம்மாவும் வந்து சேர்ந்தார். இடுப்பில் கடைத் துண்டு, ஒரு கையில் கறிப்பை, இன்னொரு கையில் அந்தக் கொழுப்புத் தடம் படிந்த வேதப்புத்தகம். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்கூடமான ஆசாரத்தில் சுவரோரமாக நின்றுகொண்டார். அம்மா சமையலறைக்குப் போனாள்.

"முதல்ல ஒரு வேதப்பகுதி வாசிச்சு ஜெபிச்சுப் போடலாமுங்க" என்றார் பாஸ்டர்.

"நான் வாசிக்கறனுங்க" என்றார் பெரியம்மா. பாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் புத்தகம் திறந்திருந்தது. நியாயாதிபதிகள், பத்தொன்பதாம் அதிகாரம். எங்கள் சபை தொடங்கிய நாளிலிருந்து யாரும் சத்தமாக வாசிக்காத அதிகாரம்.

ஒரு லேவியன், ஆலய ஊழியம் செய்கிற குலத்தான். அவனோடு வாழ்ந்த பெண் அவனை விட்டுத் தன் தகப்பன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். சில மாதம் கழித்து அவளிடம் நயமாகப் பேசிக் கூட்டிப்போக அவன் வருகிறான். தகப்பனுக்கு அவனைப் பார்த்ததும் சந்தோஷம். மூன்று நாள் விருந்து. நான்காம் நாள் கிளம்புகிறவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுப் போ என்கிறான். ஐந்தாம் நாளும் அதே.

இங்கே பெரியம்மா நிறுத்தி அப்பாவைப் பார்த்தார்.

"அஞ்சு நாளு மூப்பரே. அஞ்சு நாளும் மாப்பிள்ளையைப் பாத்து, சாப்புடுங்க, இருங்கங்கறான். பெத்த பொண்ணைப் பாத்து, நீ போறியா கண்ணுன்னு ஒருக்காக்கூட அந்த அப்பன் கேக்கலீங்க. தேடிப் பாத்துட்டேன். ஒரு வரி இல்லை."

"சிஸ்டர், இது இந்த நேரத்துக்கு ஏத்த பகுதி இல்லீங்க" என்றார் பாஸ்டர். பெரியம்மா தொடர்ந்து வாசித்தார்.

போகிற வழியில் ஒரு ஊரில் தங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டு கதவைத் தட்டுகிறார்கள். அந்த லேவியன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறான். விடியும் வரைக்கும் அவளைச் சிதைக்கிறார்கள். விடிந்ததும் அவள் ஊர்ந்து வந்து வாசலில் விழுகிறாள். அவள் கைகள் வாசற்படியின் மேல் கிடக்கின்றன. அவன் கதவைத் திறந்து, எழுந்திரு, போகலாம் என்கிறான். பதில் இல்லை. அவளைக் கழுதையின் மேல் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறான். கத்தியை எடுக்கிறான். எலும்போடு சேர்த்து அவளைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுகிறான்.

"பன்னண்டா?"

கேட்டது அம்மா. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் பனையோலையில் சுற்றிய ஒரு பொட்டலம். ஓலை நனைந்து அவள் விரல்களின் வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கறியைப் பன்னண்டு பொட்டலமா கட்டியிருக்கீங்களே, எதுக்குங்கன்னு கேக்கலாம்னு வந்தேன்" என்றாள் பெரியம்மாவிடம். அப்புறம் அவளே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். அப்பாவின் காலடியில், புது டைல்ஸின் மேல், வரிசையாக வைத்தாள். கடைசிப் பொட்டலத்தை வைத்துவிட்டு ரத்தக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த அப்பனுக்கு வேதத்துல பேரில்லீங்க. சோறு போட்டான், பொண்ணை அவங்கூடத் தாட்டி உட்டான். அவ்வளவுதான் எழுதியிருக்குது" என்று பெரியம்மா புத்தகத்தை மூடினார்.

அப்பா பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார்.

"நீ போறியா கண்ணு?"

அக்காவின் வாய் கோணியது. "போகலீங்கப்பா" என்றாள். "போனா செத்துருவேன்."

மாப்பிள்ளையின் முகத்திலிருந்து அந்தச் சாந்தம் ஒரு நொடியில் இறங்கியது. கறிக்கடைக்காரியெல்லாம் வந்து கதை சொல்கிற வீடா இது என்று கத்தினான். பொட்டலங்களை எட்டி உதைத்தான். ஒன்று சுவரில் பட்டு உடைந்து சிதறியது. பாய்ந்து போய் அக்காவின் மாவுக்கட்டுப் போட்ட கையையே பிடித்து வாசலை நோக்கி இழுத்தான். அக்கா அலறினாள். இழுபட்டுக்கொண்டே வந்தவள் தெருவாசலில் விழுந்து, இடது கையால் நிலைப்படியைப் பற்றிக்கொண்டாள். மாவுக்கட்டு விரிசல் விட்டது. நான் அவன் முதுகில் அடித்தேன். அவன் என்னை ஒரே தள்ளில் சுவரில் மோதவிட்டான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. பெரியம்மா அசையவில்லை. இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூப்பரே, படியில கையைப் பாருங்க" என்று மட்டும் கத்தினார்.

அப்பா பார்த்தார். வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அடித்திராத மனிதர், மாப்பிள்ளையின் சட்டைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். அவன் படிக்கட்டில் உருண்டான். அக்காவை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு அப்பா கதவைச் சாத்த, அவன் எழுந்து வந்து நிலையில் கையை வைத்தான். அப்பா நிறுத்தவில்லை. இரண்டு கையாலும், உடம்பு முழுவதையும் கொடுத்து, அந்தத் தேக்குக் கதவை அறைந்து சாத்தினார். எலும்பு முறிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கறிக்கட்டையில் கேட்கிற அதே சத்தம்தான். அப்பா கதவின் மேல் சாய்ந்து கண்ணை மூடி நின்றார். வெளியே அவன் ஓலமிட்டான். அப்பா விலகவில்லை.

பெரியம்மாதான் அவர் தோளைத் தொட்டார். "போதுமுங்க. தொறங்க. கையை எடுக்கட்டும்" என்றார்.

கதவு திறந்தது. அவனுடைய மூன்று விரல்கள் நசுங்கித் தொங்கின. பெரியம்மா இடுப்பிலிருந்த துண்டை எடுத்து அந்தக் கையை இறுக்கிச் சுற்றினார். பாஸ்டரைப் பிடித்துத் தன் மொபெட்டின் பின்னால் உட்கார வைத்து, நடுவில் அவனை ஏற்றினார். நான் வாசலில் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"இவனையெல்லாம் எதுக்குங்க பெரியம்மா? கெடக்கட்டும் உடுங்க."

"காதுக்கு அன்னைக்கு நான் ஒண்ணுமே செய்யலை கண்ணு. விரலாவது ஒட்டுதான்னு பாத்துட்டு வாரேன்" என்றார். வண்டியைக் கிளப்பியவர் திரும்பி, "உங்கம்மாவைக் கறியைச் சமைக்கச் சொல்லு. புள்ளை சாப்புடட்டும்" என்றார்.

அம்மா சமைத்தாள். சுவரில் சிதறியதைக்கூடப் பொறுக்கிக் கழுவிப் போட்டாள். அக்காவுக்கு வலது கை முடியாததால் அம்மாவே உருண்டை பிடித்து ஊட்டினாள். அக்கா அழுதுகொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அப்பா சாப்பிடவில்லை. அக்கா சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் விரல்களில் இரண்டு ஒட்டின, ஒன்று போனது. போலீசுக்குப் போவேன் என்று குதித்தான். என் போனிலிருந்த முதுகுப் படங்களை அவனுடைய வக்கீலுக்குக் காட்டியதும் அடங்கினான். விவாகரத்து ஆனது. அக்கா இப்போது வேலைக்குப் போகிறாள். சமயத்தில் சிரிக்கிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். எனக்கு அது போதும்.

பெரியம்மா போன வருடம் போய்விட்டார். கடையில் கத்தியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது. அடக்கத்தில் பாஸ்டர் மேய்ப்பனின் சங்கீதத்தைத்தான் வாசித்தார். ஈரல் வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒரு காது செவிடான தன் புருசனோடு கடைசி வரிசையில் நின்று, யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அழுதாள்.

கடையை இப்போது மகன் நடத்துகிறான். செவ்வாய்க்கிழமை தோறும் அப்பா அங்கே போய்விடுகிறார். தராசுக்குப் பக்கத்தில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். தறியையெல்லாம் விற்றுவிட்டார், வேறு வேலை இல்லை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் நானும் அவரோடு இருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் துணிப்பையோடு வந்து, நல்ல தொடைக்கறியா வேணுமுங்க என்று தணிந்த குரலில் கேட்டார். மகன் கத்தியை எடுக்காமல் அப்பாவைப் பார்த்தான். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"ஏனுங்க, ஊட்டுக்குப் பொண்ணு வந்திருக்குதுங்களா?"

வந்தவர் கண்ணைத் தாழ்த்தினார். அப்பா பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.